பில்லில் டார்ச் என்றுதான் இருக்கிறது

காலையில் கொடுத்த சித்ரான்னம் நன்றாக இருந்தது மேடம். வேர்க்கடலை கொஞ்சம் கருகல், உப்பு ஒரு சிட்டிகை குறைவு, எலுமிச்சை சரியான அளவு. ஸ்டேஷன் சாப்பாட்டைப் பற்றி ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டுப் பயந்திருந்தேன். குறை சொல்லும்படி இல்லை. தட்டைக் கொண்டுவந்த கான்ஸ்டபிளிடமும் இதைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பேப்பர் கேட்டேன், கொடுத்தீர்கள், நன்றி. நான் தமிழில் சொல்ல, நீங்கள் கன்னடத்தில் எழுத, அதை இன்னொருவர் ஆங்கிலத்தில் டைப் அடிக்க, கடைசியில் நான் சொல்லாத எதிலோ நான் கையெழுத்துப் போடுவதை விட, நானே எழுதித் தந்துவிடுகிறேன். இருபத்தெட்டு வருடம் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதிய கை. அடித்தல் திருத்தல் இருக்காது.

என் பெயர் லாயிட். வயது ஐம்பத்து மூன்று. பிறந்ததும் இருப்பதும் மர்பி டவுன். பீன்யாவில் மின்சார சுவிட்சுகள் செய்யும் தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டி கூட கேட்டைத் தாண்டாது. ஆபரேட்டர்கள் என் முதுகுக்குப் பின்னால் ‘ரிஜக்ட் லாயிட்’ என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். மனைவி கேரல் நர்சரி பள்ளியில் டீச்சர். ஒரே மகள் சிந்தியா, இருபத்து நான்கு வயது, ஒரு ஐ.டி. கம்பெனியில் சம்பளப் பிரிவில் வேலை.

மூன்று நாளாக நீங்களும் மாற்றி மாற்றி வந்த மற்றவர்களும் கேட்பது இரண்டே கேள்விதான். ஷாக் கொடுக்கும் அந்தச் சாமானை வைத்திருக்க என்னிடம் லைசென்ஸ் உண்டா? கடையிலிருந்த நாற்பது பெட்டிகளும் சட்டப்படி யாருடையவை? ஃபாத்திமா மேடம், உங்களைக் குறை சொல்லவில்லை. எந்தப் பிரிவில் போடுவது என்று உங்கள் ஆட்களுக்குள்ளேயே பேச்சு நடந்தது. எனக்கும் காது கேட்கும். ஆனால் ஒரு மனிதர் செத்துப்போன விஷயத்தை விட்டுவிட்டு, அவரைத் தொட்ட பொருளுக்கு என்ன பெயர் என்று மூன்று நாள் பேசியது எனக்குப் புதுமையாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் பிப்ரவரியில் மட்டும் மூன்று செயின் பறிப்பு. எதிர்வீட்டு அம்மாவின் கழுத்தில் செயின் அறுத்த கோடு ஒரு மாதம் ஆறாமல் சீழ் பிடித்துக் கிடந்தது. சிந்தியா தினமும் மெட்ரோவில் இறங்கி அந்தத் தெரு வழியாகத்தான் நடந்து வருவாள். கழுத்தில் நாங்கள் போட்ட சிலுவை வைத்த செயின். ஒரு தகப்பன் என்ன செய்வான்? மிளகாய்த்தூள் ஸ்பிரேயை யோசித்தேன். காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் அவள் கண்ணுக்கே வந்துவிடும். ஷாக் கொடுக்கும் சாமான் கையில் அடங்கும், காற்றுக்கு அஞ்சாது. போதாததற்கு, மின்சாரம் எனக்குத் தெரிந்த தொழில்.

சட்டப்படி நடப்பவன் நான். அதனால் முதலில் வக்கீல் டெரிக்கைக் கேட்டேன். சர்ச்சில் எங்களுக்குப் பின் வரிசையில் உட்காருபவர், சின்ன வயதிலிருந்து பழக்கம்.

“லாயிட், இதுக்கு ரெண்டு பதில் இருக்கு” என்றார். “ஆயுதம்னு பார்த்தா லைசென்ஸ் வேணும். கரண்ட் சாமான்னு பார்த்தா ஒண்ணும் வேணாம். எந்தப் பதில் வரும்னு அன்னிக்கு எதிர்ல உட்கார்ந்திருக்கிற ஆபீசர் மூடைப் பொறுத்தது. என்னைக் கேட்டா வாங்காதே.”

“ஆன்லைன்ல ஆஃபர் போட்டு விக்கிறானே?”

“விக்கிறவனுக்கு அது டார்ச். வெச்சிருக்கிறவனுக்குத்தான்பா அது ஆயுதம்.”

இது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பொருள் விற்பவன் கையில் ஒன்றாகவும் வாங்கியவன் கையில் வேறாகவும் இருக்க முடியாது. எங்கள் தொழிற்சாலையில் அப்படி ஒரு டிராயிங் வந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். சட்டத்தைத் திருப்பி அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை. வாங்கிவிட்டேன்.

கடை சிவாஜிநகரில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில். மொபைல் கவர், சார்ஜர், எமர்ஜென்சி விளக்கு விற்பவர். பெயர் ராஜேஷ்குமார். ஆம்பூர்க்காரர், நாற்பது வயதிருக்கும், எப்போதும் சிரித்த முகம். நான் கேட்டதும் கவுன்டருக்குக் கீழே குனிந்து கருப்பாக ஒன்றை எடுத்து வைத்தார். ஒரு பக்கம் டார்ச் விளக்கு. அதன் இரு ஓரத்திலும் பல் மாதிரி இரண்டு உலோக முனைகள். பக்கவாட்டில் ஒரு தள்ளு சுவிட்சு. அதைத் தள்ளிவிட்டுப் பட்டனை அழுத்தினால் முனைகளுக்கு நடுவே நீலப் பொறி சடசடவென்று அடிக்கிறது.

“சார், டார்ச்னு வாங்குங்க, டார்ச்னு வெச்சுக்கோங்க” என்றார். “போலீஸ் கேட்டா டார்ச். எவனாச்சும் பொண்ணு கிட்ட வந்தா அப்போ அது வேற.”

“வாரண்டி?”

“லைட்டுக்கு ஆறு மாசம்.”

“ஷாக்குக்கு?”

“ஷாக் வாங்கினவன் வந்து கம்ப்ளெயின்ட் பண்ணட்டும் சார், மாத்திக் குடுத்துடுறேன்” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல பேச்சுக்காரர். பில்லில் ‘ரீசார்ஜபிள் டார்ச், 1’ என்று எழுதிக் கொடுத்தார்.

டெஸ்ட் செய்யாமல் நான் எதையும் யாருக்கும் கொடுத்ததில்லை. கோழிக்கால் வாங்கி வந்து அதில் வைத்துப் பார்த்தேன்; தசை இழுத்தது. ஆனால் கோழி கோழிதான். அதனால் என் தொடையில் மூன்று விநாடி வைத்தேன். சோபாவிலிருந்து விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன், சட்டையெல்லாம் ரத்தம். பொருள் தேறியது. பிறகு, கையில் எதை வைத்திருக்கிறோம் என்று அவளுக்கும் தெரிய வேண்டாமா என்று சிந்தியாவின் முன்கையில் அரை விநாடி வைத்தேன். சொல்லிவிட்டு வைத்தால் உடம்பு தயாராகிவிடும். சரியான ரீடிங் கிடைக்காது. அதனால் அவள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது வைத்தேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. கேரல் ஒரு வாரம் பேசவில்லை. நல்லது செய்கிறவன் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

பிறகு பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும், சாப்பாட்டுக்கு முன், ஹாலில் நடுவே நாற்காலிகளைத் தள்ளிவிட்டு. நான் திருடன். அவள் பையில் கை விட்டு, எடுத்து, சுவிட்சைத் தள்ளி, என் கழுத்தருகே கொண்டுவர வேண்டும். ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தேன். முதல் வாரம் ஏழு விநாடி. ஐந்தாம் வாரம் மூன்றுக்கும் கீழே கொண்டுவந்துவிட்டாள். கெட்டிக்காரி. ஒவ்வொரு முறையும் “டாடி, பசிக்குது டாடி” என்று சிணுங்கிக்கொண்டே செய்வாள்.

“ஓடக்கூடாது” என்று சொல்லிக் கொடுத்தேன். “ஓடினா உன் முதுகு அவனுக்கு வசதி. நில்லு. செயினை ஒரு கையில பிடிச்சுக்கோ, இன்னொரு கையால வை.”

கேரல் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். “ஏங்க, செயினைக் கழட்டி வீசிட்டு ஓடி வந்துடுன்னு சொல்லுங்க. செயின் போனா போகுது.”

“சாமான் கையில இருக்கும்போது எதுக்கு ஓடணும்?”

சிந்தியா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “சரி டாடி, நிக்கிறேன்” என்றாள்.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு பத்து. நல்ல வெளிச்சம். எங்கள் தெரு முனையில் இருக்கும் பேக்கரியின் கேமராவில் எல்லாம் பதிந்திருக்கிறது. மொத்தம் பதினோரு விநாடி. பேக்கரிக்காரர் இரக்கப்பட்டு என்னை உள்ளே உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார். முதல் நாள் இருபது முறை பார்த்தேன். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாள் அவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று சொல்லிவிட்டார்.

பைக்கில் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் இறங்கி வந்து செயினைப் பிடித்து இழுக்கிறான். முதல் விநாடியிலேயே அவள் அதை விட்டிருக்கலாம். விடவில்லை. நான் சொன்ன மாதிரியே இடது கையால் செயினைப் பிடித்துக்கொள்கிறாள், வலது கை பைக்குள் போகிறது, வெளியே வருகிறது, அவன் கழுத்தில் வைக்கிறாள். மிக அழகாகச் செய்தாள் மேடம். ஸ்டாப்வாட்ச் இருந்திருந்தால் இரண்டரை விநாடி காட்டியிருக்கும். அவளுடைய கட்டைவிரல் அதன் மேல் வேகமாக அசைவது தெரிகிறது. ஒன்றும் நடக்கவில்லை. அவன் நின்றபடியே நிற்கிறான். குனிந்து கழுத்தில் இருப்பது என்ன என்று பார்க்கிறான். பயந்துபோயிருக்க வேண்டும். பயந்தவன்தான் அப்படி அடிப்பான். மற்ற கையில் கழற்றி வைத்திருந்த ஹெல்மெட்டால் முகத்தில் அடிக்கிறான். அவள் விழவில்லை, இன்னும் கட்டைவிரலை அசைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது அடி. மூன்றாவது அடியில் விழுந்துவிட்டாள். விழுந்த பிறகும் ஒன்று.

இடது கண் போய்விட்டது. தாடை மூன்று இடத்தில் உடைந்து கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஆறு பல். செயின் அவள் கையிலேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்களாம்.

அந்த இருவரையும் நான்கே நாளில் பிடித்துவிட்டீர்கள். வந்து பார்க்கக் கூப்பிட்டபோது நான் வரவில்லை, கேரல்தான் வந்தாள். உங்களுக்கு அது விசித்திரமாகப் பட்டிருக்கும். எனக்கு அவர்கள் மேல் பெரிதாகக் கோபம் இல்லை. திருடன் திருடத்தான் செய்வான். பாம்புக்கு விஷம் இருக்கிறது என்று யாரும் அதன் மேல் கேஸ் போடுவதில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அவள் கையில் அது ஏன் வேலை செய்யவில்லை? தூங்க முடியவில்லை, சாப்பிட முடியவில்லை, ஆஸ்பத்திரி காரிடாரில் நடந்துகொண்டே இருந்தேன்.

முறைப்படி புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனேன். குறைபாடுள்ள பொருளை விற்றதால் என் மகளுக்குக் காயம் என்று இரண்டு பக்கம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். எஸ்.ஐ. படித்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். நல்ல மனிதர்தான், குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“சார், இதை நான் வாங்கிக்கிட்டா முதல் கேஸ் உங்க மக மேலதான் போடணும். லைசென்ஸ் இல்லாம ஆயுதம் வெச்சிருந்தாள்னு. ரெண்டாவது கேஸ் வாங்கிக் குடுத்த உங்க மேல. ஆஸ்பத்திரியில இருக்கிற பொண்ணு, பேடா சார். கிழிச்சுப் போட்டுட்டு ஹோகி.”

வேண்டாம், போங்கள் என்கிறார். டெரிக்கிடம் போனேன். நுகர்வோர் கோர்ட்டிலாவது போடலாமா என்று கேட்டேன். பில்லை வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

“பில்லுல டார்ச்னு இருக்கு. டார்ச் எரியுதா?”

“எரியுது.”

“அப்புறம் என்ன கேஸ் போடச் சொல்றே லாயிட்?”

யோசித்துப் பாருங்கள் மேடம். ஸ்டேஷனுக்குப் போனால் ஆயுதம், கோர்ட்டுக்குப் போனால் டார்ச். ஐம்பது காசு ஸ்குரூவில் மரை சரியில்லை என்றால் கூட எங்கள் தொழிலில் அதைக் கேட்க ஒரு ஃபாரம் இருக்கிறது, ஒரு நம்பர் இருக்கிறது, பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறான். என் மகளின் கண்ணுக்கு ஒரு ஃபாரம் கூட இல்லை. யாராவது ஒருவர் அந்த லாட்டை, அதாவது அவர் கடையில் இருக்கும் மொத்தச் சரக்கை, டெஸ்ட் செய்தே ஆக வேண்டும். அதற்குத் தகுதியுள்ளவன் நான் ஒருவன்தான் என்று தோன்றியது. இதை ஆணவம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மதியம் போனேன். அந்தச் சந்தில் வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குப் பாதிக் கடைகளில் ஷட்டரை இறக்கிவிட்டுத் தொழுகைக்குப் போய்விடுவார்கள். ராஜேஷ்குமாருக்கும் அப்போது வியாபாரம் இருக்காது. அவரும் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டுச் சாப்பிடுவார். அந்த நேரத்தை நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன் என்று நீங்கள் சொல்கிறீர்கள். ஆமாம். டெஸ்ட் நடக்கும் இடத்தில் ஆள் நடமாட்டம் கூடாது.

குனிந்து உள்ளே போனேன். எலுமிச்சை சாதமும் அப்பளமும் வைத்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, “வாங்க சார், சாப்பிடறீங்களா?” என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. எச்சில் கையோடு எழுந்து நின்றார். “அய்யோ சார்” என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதை நான் மறைக்க விரும்பவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, சிந்தியாவின் சாமானை என்னிடமிருந்து வாங்கி, சுவிட்சைத் தள்ளிப் பட்டனை அழுத்தினார். நீலப் பொறி அடித்தது.

“சார், இது வேலை செய்யுதே” என்றார் மெதுவாக.

காற்றில் பொறி வருவது டெஸ்ட் ஆகாது. அதை அவருக்கு விளக்கினேன். கரண்ட் பாய்வதற்கு எதிரே ஒரு லோடு வேண்டும். அவர் கையிலிருந்து அதைத் திரும்ப வாங்கி அவர் கழுத்தில் வைத்தேன். ஐந்து விநாடி. தலை கவுன்டரின் முனையில் இடிக்க விழுந்தார். புருவம் பிளந்து எலும்பு தெரிந்தது. அவர் கடையிலேயே கேபிள் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகள் இருந்தன. கைகளைப் பின்னால் சேர்த்து இரண்டு, கணுக்கால்களில் இரண்டு போட்டேன். ஷட்டரை முழுதாக இறக்கினேன். விளக்கைப் போட்டேன். கவுன்டருக்குக் கீழே பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே நாற்பது.

நாற்பது உருப்படி உள்ள லாட்டுக்கு எங்கள் பட்டியலில் எட்டு சாம்பிள். எந்த எட்டு என்பதை நம் இஷ்டத்துக்கு எடுக்கக் கூடாது, மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் கலந்து எடுக்க வேண்டும். எடுத்தேன். பெட்டியிலிருந்து எடுத்ததும் அவற்றில் கொஞ்சம் சார்ஜ் இருக்கும், அது போதும். ஒவ்வொன்றும் ஐந்து விநாடி. ஒரே இடத்தில் வைத்தால் தோல் கருகித் தடித்துவிடும், ரீடிங் மாறும். அதனால் கழுத்து, அக்குள், விலா, தொடையின் உட்பக்கம் என்று இடம் மாற்றினேன். முதல் மூன்றுக்கு அவர் கத்தினார். மெயின் ரோட்டு ஹாரனில் அது பெரிதாகக் கேட்கவில்லை. நான்காவதில் பல் கடித்ததில் ஒரு பல் உடைந்து சட்டை மேல் விழுந்தது. ஆறாவதில் சிறுநீர் போய்விட்டது. நான் அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவே தண்ணீர் கொடுத்தேன். ஒரு கட்டத்தில், தனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது என்றும், மனைவி லாவண்யா ஆறு மாதம் என்றும் சொன்னார். குறித்துக்கொண்டேன்.

எட்டும் தேறின.

இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். எட்டு சாம்பிளில் ஒன்று கூடத் தோற்காவிட்டால் லாட்டை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். அதுதான் விதி. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு முறை கூட நான் அதை மீறியதில்லை. அன்றைக்கு எழுந்து போயிருந்தால் அவர் பிழைத்திருப்பார், நானும் ஏதோ அடிதடி கேஸில் உள்ளே போய் வெளியே வந்திருப்பேன். என்னால் முடியவில்லை. எட்டும் சரி என்றால் சிந்தியாவின் கையில் இருந்தது மட்டும் ஏன் சரியில்லை? ஒன்றாவது தோற்க வேண்டும். ஒன்றே ஒன்று தோற்றால் போதும், நான் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மனசு கெஞ்சியது. மீதி முப்பத்திரண்டையும் எடுத்தேன்.

எத்தனையாவதில் இறந்தார் என்று கேட்டீர்கள். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் கோழிக்கால் மாதிரியே, இறந்த மனித உடம்பும் கொஞ்ச நேரம் துள்ளும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பதினெட்டாவது வரை பேசினார். இருபத்தைந்தாவதில் கண் திறந்தபடி இருந்தது, இமையைத் தொட்டுப் பார்த்தேன், அசையவில்லை. நடுவில் எங்கேயோ. ஆரம்பித்த டெஸ்ட்டைப் பாதியில் நிறுத்துவது என் வழக்கம் இல்லை என்பதால் நாற்பது வரை செய்து முடித்தேன். போஸ்ட்மார்ட்டத்தில் நாற்பத்தொரு ஜோடித் தீக்காயம் என்று வந்திருப்பதாகச் சொன்னீர்கள். கணக்கு சரிதான். முதலாவது சிந்தியாவுடையது.

பிறகு எல்லாப் பெட்டிகளையும் இருந்த வரிசைப்படியே அடுக்கினேன். கடைப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ரிப்போர்ட் எழுதினேன். ‘மொத்தம் நாற்பது, தேறியது நாற்பது, தோற்றது இல்லை.’ கையெழுத்து, தேதி. பக்கத்துக் கடைகள் திறக்கும் சத்தம் கேட்டதும் ஷட்டரைத் தூக்கினேன். எதிர்க்கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார், பிறகு உள்ளே பார்த்தார்.

இதோடு முடித்திருக்கலாம். எழுதினால் முழுதாக எழுத வேண்டும் என்பதால் இன்னும் கொஞ்சம்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு சுவிட்சை டெஸ்ட் செய்து தேற்றிவிட்டால், அதன் செட்டிங்கை யாரும் தொட்டுவிடக் கூடாது என்று தள்ளும் இடத்தின் மேல் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவோம். அதன் மேல் என் இனிஷியலும் தேதியும். சுலபத்தில் உரியாது, எண்ணெய் பட்டாலும் வராது. அந்தச் செவ்வாய்க்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பயிற்சி முடிந்ததும், சிந்தியாவின் சாமானையும் தேற்றிவிட்டேன். பையில் சீப்பும் சாவியும் உரசி சுவிட்சு தானாகத் தள்ளிக்கொண்டால் அவளுக்கே ஷாக் அடிக்குமே என்று, அந்தத் தள்ளு சுவிட்சின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நானே அவள் பையில் வைத்தேன். சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேன் என்பது கூடச் சரியில்லை. தேற்றிய பொருளுக்கு ஸ்டிக்கர் இருக்கும் என்பது சொல்ல வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் கவரில் அவள் பொருட்களைக் கொடுத்தபோது ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. ஒரு மூலையில் மட்டும் நகத்தால் சுரண்டிய தடம், அதில் ரத்தம். அவள் கட்டைவிரல் நகம் பாதி பிய்ந்திருந்தது. கேமராவில் அசைந்த விரல் என்ன செய்தது என்று முதல் முறை பார்த்தபோதே எனக்குத் தெரியும். நாற்பத்து மூன்று முறை பார்த்தேன்.

வியாழக்கிழமை, அதாவது கடைக்குப் போனதற்கு முதல் நாள், சிந்தியாவுக்கு எழுத நோட்டு கொடுத்தார்கள். வாய் திறக்க முடியாதல்லவா. கேரல் டீ வாங்கப் போயிருந்தாள். சிந்தியா எழுதிய முதல் வரி எனக்குத்தான். ‘டாடி, ஸ்டிக்கர் வரல.’ நான் படித்தேன். அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். குனிந்து அவள் தலையைத் தடவி, “ஸ்டிக்கர் எதுவும் இல்லடா கண்ணு. மயக்கத்துல உனக்கு அப்படித் தோணுது. கடைக்காரன் டூப்ளிகேட் சாமானைத் தலையில கட்டிட்டான். நாளைக்கு டாடி போய்க் கேட்கிறேன்” என்றேன். அவள் ஒற்றைக் கண்ணால் ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் சிவாஜிநகருக்குப் போகும்போது பஸ்ஸில் உட்கார்ந்து, நகத்தால் சுரண்டி, ஸ்டிக்கரை முழுதாக உரித்து ஜன்னலுக்கு வெளியே போட்டேன். நான்கு ஸ்டாப் ஆயிற்று.

நேற்று கேரல் என்னைப் பார்க்க வந்தாள். உட்காரவில்லை. “அவ உங்களைப் பத்தி ஒண்ணுதான் எழுதிக் காட்டுறா. அந்தக் கடைக்காரர் என்ன தப்பு பண்ணார்னு கேட்கிறா. நான் என்ன சொல்ல?” என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

லைசென்ஸ், ஆயுதம், டார்ச் எல்லாவற்றிலும் நீங்கள் எழுதுகிறபடி நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். எனக்கு ஒரே ஒரு உதவி வேண்டும் மேடம். நீங்கள் நேரில் போய் என் மகளிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்பமாட்டாள், போலீஸ் சொன்னால் நம்புவாள். ராஜேஷ்குமார் பதினேழாவதில் தன் வாயாலேயே சொன்னார்: “ஆமா சார், என் தப்புதான் சார், டூப்ளிகேட்டைத்தான் குடுத்தேன், உங்க பொண்ணு கண்ணு போனது என்னாலதான்.” நான் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. யாரும் கட்டாயப்படுத்தாமல் அவராகவேதான் ஒப்புக்கொண்டார்.